பிரிண்டர் என்னுடையது, மை மட்டும் அவர்களுடையதா?

மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு பிரிண்டர் கிடைக்கிறது. ஸ்கேன் செய்யும், ஜெராக்ஸ் எடுக்கும், கலரில் அச்சடிக்கும். அதற்குப் போடும் கறுப்பு கார்ட்ரிட்ஜ் ஒன்று, கலர் கார்ட்ரிட்ஜ் ஒன்று என்று தனியாக வாங்கப் போனால் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆகிறது. இரண்டு தடவை மை மாற்றினால் எந்திரத்தின் விலையைத் தாண்டிவிடுகிறது. அலுவலகத்தில் பல வருஷம் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து டெண்டர், கொட்டேஷன் என்று பார்த்தவனுக்கு இந்தக் கணக்கு கண்ணை உறுத்தாமல் இருக்குமா?

நம் வயதுக்காரர்கள் வீட்டில் என்ன பெரிதாக அச்சடிக்கிறோம்? பட்டா நகல், வில்லங்கச் சான்று, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், பேத்தியின் ஸ்கூல் ப்ராஜெக்ட், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் ஒரு ஸ்தோத்திரம். ரயில் டிக்கெட்கூட இப்போது போனில் காட்டினால் போதும். வாரத்துக்கு நாலு பக்கம் வந்தால் அதிகம். இப்படிக் கொஞ்சமாக அச்சடிக்கிறவர்கள்தான் ஒரு பக்கத்துக்கு அதிகமாகக் காசு கொடுக்கிறோம் என்பதுதான் இதில் வேடிக்கை.

கணக்கைப் பாருங்கள். என் வீட்டுப் பிரிண்டரின் சின்ன கறுப்பு கார்ட்ரிட்ஜ் பெட்டியில் 120 பக்கம் என்று போட்டிருக்கிறது. விலை 850. பக்கத்துக்கு ஏழு ரூபாய். காகிதம், மின்சாரம் தனி. எங்கள் தெரு முனை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு பிரிண்ட் அவுட் ஐந்து ரூபாய். அந்தக் கடைக்காரர் வாடகை கொடுத்து, ஆள் வைத்து, லாபமும் பார்த்து ஐந்து ரூபாய்க்குத் தருகிறார்!

அந்த 120 பக்கமாவது வருகிறதா? அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். ஐ.எஸ்.ஓ. 24711 என்று ஒரு தர நிர்ணயம் இருக்கிறது. அதற்கென்றே ஐந்து மாதிரிப் பக்கங்கள் வைத்திருக்கிறார்கள். அந்த ஐந்தையும் திரும்பத் திரும்ப, மை தீரும் வரை அச்சடித்துக்கொண்டே போய் எண்ணுவார்கள். எண்ணும் முறையில் தவறில்லை, எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அளவுகோல். ஆனால் எந்த வீட்டில் அப்படி மூச்சு விடாமல் அச்சடிக்கிறார்கள்? நாம் திங்கட்கிழமை இரண்டு பக்கம் எடுப்போம், அப்புறம் அடுத்த வாரம்தான் சுவிட்சைப் போடுவோம். போட்டவுடன் அது கர் கர் என்று ஒரு நிமிஷம் சத்தம் போடுகிறதே, அப்போது ஹெட்டைச் சுத்தம் செய்கிறது. சுத்தம் செய்வது தண்ணீரால் அல்ல, நாம் காசு கொடுத்து வாங்கிய அதே மையால். அந்த மை போய் எந்திரத்தின் அடியில் இருக்கிற ஒரு பஞ்சில் ஊறிக்கொள்கிறது. இங்க்ஜெட்டில் துளிகள் வரும் துளை தலைமுடியைவிடச் சிறியது. மை உலர்ந்து அதை அடைத்துக்கொள்ளாமல் இருக்க இந்தச் சுத்தம் தேவை என்பதும் உண்மைதான். ஆனால் கொஞ்சமாக உபயோகிப்பவன் வாங்கிய மையில் எவ்வளவு காகிதத்துக்குப் போனது, எவ்வளவு பஞ்சுக்குப் போனது என்று எந்தப் பெட்டியிலும் போடுவதில்லை.

கலர் கார்ட்ரிட்ஜ் கதை இன்னும் மோசம். ஒரே டப்பாவுக்குள் நீலம், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று அறை. பேத்தி சூரியகாந்தித் தோட்டம் அச்சடித்து மஞ்சள் தீர்ந்துபோனால், மற்ற இரண்டும் பாதி இருந்தாலும் டப்பாவையே மாற்ற வேண்டும்.

எந்திரத்தை அடக்க விலைக்கோ அதற்குக் கீழேயோ கொடுத்துவிட்டு மையில் எடுப்பது என்ற வியாபாரத்தை ஒளித்து மறைத்து ஒன்றும் செய்வதில்லை. சவர ரேசரை மலிவாகக் கொடுத்து பிளேடில் பார்ப்பது என்று உவமை சொல்வார்கள். 2024 ஜனவரியில் எச்.பி. கம்பெனியின் தலைவர் தொலைக்காட்சிப் பேட்டியில் இதை வெளிப்படையாகவே சொன்னார்: பிரிண்டர் வாங்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் கம்பெனிக்கு ஒரு முதலீடு, அவர் போதுமான அளவு அச்சடிக்கவில்லை என்றாலோ எங்கள் மையை வாங்கவில்லை என்றாலோ அது மோசமான முதலீடு என்ற பொருளில். அதாவது, வாரத்துக்கு நாலு பக்கம் எடுக்கும் நானும் நீங்களும் மோசமான முதலீடு. ரிட்டையர் ஆன பிறகு இப்படியும் ஒரு பட்டம் கிடைத்தது.

வியாபாரி தன் லாபத்தை எங்கே வைப்பது என்பது அவர் இஷ்டம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வெளியில் மலிவாகக் கிடைக்கும் மையை நான் போடக் கூடாது என்று என் வீட்டு மேஜையில் இருக்கும் எந்திரமே எனக்கு உத்தரவு போடுகிறதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் காலத்தில் இது நடக்கவில்லை. ஆபீஸில் ரெமிங்டன், ஹால்டா, கோத்ரெஜ் என்று மூன்று வகை டைப்ரைட்டர் இருந்தன. ரிப்பன் என்னவோ பெரும்பாலும் கோரஸ்தான். கோரஸ் ரிப்பன் மாட்டினால் ஹால்டா தட்ட மாட்டேன் என்று சொன்னதில்லை. பிறகு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வந்தது. ரிப்பன் தேய்ந்துபோனால் டப்பாவைக் கடைக்கு அனுப்புவோம், உள்ளே புது நாடா சுற்றித் திருப்பி அனுப்புவார்கள். பாதி விலைகூட ஆகாது. ஆடிட்காரர்கள் அதற்காக எங்களைப் பாராட்டினார்களே தவிர ஆட்சேபக் குறிப்பு எழுதவில்லை.

அதற்கும் முன்னால் ஃபவுண்டன் பேனா. பார்க்கர் கம்பெனி தன் பேனாவுக்கென்று 1931லேயே குவிங்க் என்று ஒரு மை கொண்டுவந்தது. அதையே போடுங்கள் என்று விளம்பரமும் செய்தது. ஆனால் மாமா ஊரிலிருந்து கொடுத்த பார்க்கர் பேனாவில் நாம் பிரில் மையைத்தான் ஊற்றினோம். பள்ளிக்கூட வாசல் பெட்டிக் கடையில் சில பைசாவுக்குப் பேனா நிரம்ப மை ஊற்றித் தருவார்கள், ஞாபகம் இருக்கிறதா? அது என்ன கம்பெனி மை என்று கடவுளுக்குத்தான் தெரியும். கக்கினால் கைவிரல் நீலமாகும், சட்டைப் பை பாழாகும், வீட்டில் திட்டு விழும். அது நம் பாடு. பேனா எழுத மறுத்ததில்லை.

இப்போது கார்ட்ரிட்ஜில் நகக்கண் அளவில் ஒரு சிப் ஒட்டியிருக்கிறார்கள். மை அளவைக் காட்டுவதற்கு என்கிறார்கள். அளவைக் காட்டுவதோடு, இது யார் வீட்டுப் பிள்ளை என்றும் அது பிரிண்டருக்குச் சொல்லிவிடும். நம் வீட்டுப் பிள்ளை இல்லையென்றால் பிரிண்டர் கதவைச் சாத்திக்கொள்ளும்.

இதில் 2016 செப்டம்பர் 13 மறக்க முடியாத நாள். உலகம் முழுவதும் எச்.பி.யின் ஆஃபீஸ்ஜெட் வகைப் பிரிண்டர்கள் பலவற்றில், அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வெளிக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்கள் திடீரென்று வேலை செய்யவில்லை. கார்ட்ரிட்ஜில் கோளாறு என்று செய்தி வந்தது. கோளாறு கார்ட்ரிட்ஜில் இல்லை. பிரிண்டருக்குள் முன்பே இறக்கிவைத்திருந்த மென்பொருள் அந்தத் தேதியில் விழித்துக்கொண்டது. ஆட்கள் கூச்சல் போட்ட பிறகு, சரியாகத் தகவல் சொல்லாததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, வேண்டுமானால் இறக்கிக்கொள்ளுங்கள் என்று மாற்று மென்பொருள் கொடுத்தார்கள். ஆனால் வழக்கத்தை விடவில்லை. இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் அதே கம்பெனிக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. வாங்குகிறவனுக்கு இந்தக் கட்டுப்பாட்டைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது முக்கியக் குற்றச்சாட்டு.

பாதுகாப்புக்காகத்தான், வெளி கார்ட்ரிட்ஜால் பிரிண்டர் கெட்டுவிடும், தரம் போய்விடும் என்பது கம்பெனிகள் சொல்லும் காரணம். இதற்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. 2022 தொடக்கத்தில் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்ததே, கார் வாங்கப் பதிவு செய்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்களே, அப்போது கேனான் கம்பெனிக்கே தன் டோனர் கார்ட்ரிட்ஜில் ஒட்ட சிப் கிடைக்கவில்லை. சிப் இல்லாமலே விற்றது. அதன் பிரிண்டர்கள் வழக்கம்போல, இது அசல் இல்லை போலிருக்கிறதே என்று எச்சரித்தன. ஜெர்மனியில் அந்தக் கம்பெனியே, அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு எப்படி மேலே போவது என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அச்சின் தரத்துக்குக் குறை வராது, மை அளவு காட்டுவது மட்டும் சரியாக இருக்காது என்றும் சொன்னது. சிப் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சியம் எந்த நீதிமன்றத்திலும் வந்திருக்காது.

நீதிமன்றம் என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் என்று ஒரு பிரிண்டர் கம்பெனி. டோனர் கார்ட்ரிட்ஜைத் தள்ளுபடியில் கொடுத்து, ஒரு தடவைதான் உபயோகிக்க வேண்டும், காலியை எங்களிடமே திருப்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டது. காலிகளை வாங்கி நிரப்பி விற்ற இம்ப்ரெஷன் ப்ராடக்ட்ஸ் என்ற சிறிய கம்பெனி மீது காப்புரிமை வழக்கு. அந்தச் சின்னக் கம்பெனி பயந்து ஓடவில்லை. 2017 மே 30ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு பொருளை விற்றுவிட்டால் அதன் மேல் காப்புரிமைக்காரருக்கு இருந்த பிடி அதோடு போயிற்று என்று தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் பழைய கார்களை ரிப்பேர் செய்து விற்கும் கடையை உதாரணம் காட்டியிருக்கிறார். காரில் இருக்கும் ஒவ்வொரு உதிரி பாகத்தின் கம்பெனியும் விற்ற பிறகும் உரிமை கேட்டுக்கொண்டு வந்தால் அந்தக் கடை எப்படி நடக்கும் என்பது அவர் வாதம். நம் ஊர் சைக்கிள் கடைக்காரருக்கு இது தீர்ப்பு இல்லாமலே தெரியும்.

நம் ஊர் என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. இருபது வருஷத்துக்கு முன் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஊசியில் மையை உறிஞ்சி கார்ட்ரிட்ஜின் முதுகில் குத்தி ஏற்றுவார்கள், டாக்டர் ஊசி போடுகிற மாதிரி. பிறகு இன்னும் ஒரு படி போனார்கள். பிரிண்டருக்கு வெளியே நாலு மைப் புட்டி, அதிலிருந்து மெல்லிய டியூப் உள்ளே கார்ட்ரிட்ஜுக்கு. ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றுகிற தோற்றம். ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டூடியோ எல்லாவற்றிலும் இந்த டியூப் போட்ட பிரிண்டர்தான். இந்தியாவில் மட்டும் இல்லை, இந்தோனேசியா, சீனா என்று ஆசியா முழுவதும் இதுதான் நடந்தது. ஆசியாவில் பிரிண்டர் விற்கும், மை விற்காது என்ற நிலை.

2010இல் எப்சன் கம்பெனி முதன்முதலாக இந்தோனேசியாவில் டாங்க் வைத்த பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு இந்தியாவுக்கும் வந்தது. அந்த டியூப்பையும் புட்டியையும் பெட்டிக்குள் அழகாக வைத்து, வாரண்டியும் கொடுத்த மாதிரிதான். 2015, 2016 வாக்கில் கேனான், எச்.பி. எல்லோரும் அதே வழிக்கு வந்துவிட்டார்கள். இன்று கடையில் இருக்கும் ஒரு டாங்க் பிரிண்டரின் கறுப்பு மைப் புட்டி 65 மில்லி, அதற்கு 4,500 பக்கம் என்று கம்பெனியே போடுகிறது. பக்கத்துக்குச் சில பைசாக்கள்தான் ஆகிறது. என் கார்ட்ரிட்ஜின் ஏழு ரூபாயை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் மைதான். மையைத் தயாரிப்பதற்கே அவ்வளவு செலவாகிறது என்று இனி யாரும் சொல்ல முடியாது. கம்பெனிகள் மனம் இரங்கி இதைச் செய்யவில்லை. ஊசியும் டியூப்பும் வைத்திருந்த பெயர் தெரியாத கடைப் பையன்கள் செய்யவைத்தார்கள்.

அதற்காக வெளி மை எல்லாம் அமிர்தம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் ரீஃபில் கடை வைத்திருப்பவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து விசாரித்தேன். “தம்பி, எல்லாப் பிரிண்டருக்கும் ஒரே மையைத்தான் ஊற்றுவாயா?” என்றேன். “ஊத்துறவங்க இருக்காங்க சார். அதனாலதான் எங்க தொழிலுக்கே கெட்ட பேரு” என்றார். அவர் சொன்னதை நான் படித்ததோடு சேர்த்துச் சொல்கிறேன்.

இங்க்ஜெட்டில் இரண்டு ஜாதி. ஒன்று சூட்டில் வேலை செய்வது. துளைக்குப் பின்னால் இருக்கும் பொடி ஹீட்டர் ஒரு கணம் சூடாகி மையைக் கொதிக்கவைக்க, அந்தக் குமிழி துளியை வெளியே தள்ளும். கேனானும் எச்.பி.யும் இந்த வழி. கேனானில் 1977இல் ஒருவர் சூடான பற்றுவைக்கும் கம்பியை மை நிரம்பிய ஊசியில் தெரியாமல் தொட, மை பீச்சியடித்ததிலிருந்து இது பிறந்தது என்பார்கள். இன்னொன்று எப்சன் வழி. மின்சாரம் பட்டால் வளையும் ஒரு படிகம் துளியைப் பிதுக்கும், சூடு கிடையாது. சூட்டுக்குத் தாங்காத மையை முதல் வகையில் ஊற்றினால் ஹீட்டர் மேல் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும்.

முதல் வகையின் சின்னப் பிரிண்டர்களில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு ஒட்டியே வருகிறது. ரீஃபில் செய்து ஹெட் போனாலும் கார்ட்ரிட்ஜோடு போகும், எந்திரம் தப்பிக்கும். நாலைந்து தடவை நிரப்பலாம், அதற்கு மேல் கோடு கோடாக விழும். இரண்டாவது வகையில் ஹெட் எந்திரத்திலேயே இருக்கிறது. அங்கே கண்ட மையை ஊற்றி அடைத்துக்கொண்டால் புது ஹெட்டுக்குக் கேட்கும் விலைக்குப் புது பிரிண்டரே வாங்கிவிடலாம். ஆகவே டாங்க் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் கம்பெனி மையையே ஊற்றுங்கள் என்பது என் யோசனை. நூறு, இருநூறு மிச்சம் பிடிக்கப் போய் எந்திரத்தைப் பணயம் வைக்க வேண்டாம். கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்காரர்கள் தைரியமாக ரீஃபில் செய்யலாம். ஆனால் பல வருஷம் பத்திரமாக வைக்க வேண்டிய பத்திர நகல், பழைய குடும்பப் போட்டோ இவற்றை அந்த மையில் எடுக்காதீர்கள். மலிவு மை பெரும்பாலும் சாயம் கரைத்தது. ஈரம் பட்டால் ஓடும், வெயில் பட்டால் வெளுக்கும்.

கம்பாட்டிபிள் என்று தன் பெயரைப் போட்டு நேர்மையாக விற்கும் வெளிக் கம்பெனி கார்ட்ரிட்ஜையும், பெரிய கம்பெனியின் பெட்டியில் அடைத்து அசல் விலைக்கு விற்கும் போலியையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். முன்னது வியாபாரம், பின்னது திருட்டு. போலியைக் காட்டி வெளிக் கம்பெனி எல்லாவற்றையும் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பது கம்பெனிகளுக்கு வசதி. நாமும் அதற்குத் தலையாட்டக் கூடாது.

எனக்கு வேண்டியது அதிகம் இல்லை. வெளி மை போட்டால் பிரிண்டர் ஒரு தடவை எச்சரிக்கட்டும், அதனால் ஹெட் கெட்டால் வாரண்டி கிடையாது என்று சொல்லட்டும். நியாயம்தான். ஆனால் ஓட மறுக்கக் கூடாது. வாங்கும்போது ஏற்றுக்கொண்ட கார்ட்ரிட்ஜை, ராத்திரி இன்டர்நெட் வழியாக வந்த அப்டேட்டுக்குப் பிறகு காலையில் தள்ளக் கூடாது. ஃபிரிட்ஜுக்கு நட்சத்திரம் போடுகிற மாதிரி, பிரிண்டர் பெட்டியின் மேலேயே பக்கத்துக்கு மை செலவு இவ்வளவு என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் செய்யும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். மை நிரப்பும் உரிமையும் அதில் வர வேண்டும். நுகர்வோர் சங்கங்களில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் எழுதிப் போடுங்கள்.

இப்போது புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு: மாதம் பத்துப் பக்கம் என்றால் பிரிண்டரே வேண்டாம், தெரு முனைக் கடை போதும், ஒரு நடையும் ஆயிற்று. ஆதார் நகல் மாதிரி சமாச்சாரங்களை அங்கே அனுப்பினால், வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொல்லி அங்கேயே நின்று பாருங்கள். கறுப்பு மட்டும் போதும், எப்போதாவதுதான் எடுப்பேன் என்றால் சின்ன லேசர். டோனர் என்பது பொடி, ஆறு மாதம் தொடாமல் வைத்தாலும் காயாது. கலரும் வேண்டும், பேரன் பேத்திகள் வீட்டில் என்றால் டாங்க் வகை, ஆனால் வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூவாயிரம் ரூபாய்க்காரரை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், கார்ட்ரிட்ஜ் காலியானதும் தூக்கிப் போடாதீர்கள், ரீஃபில் கடையில் காலி கார்ட்ரிட்ஜுக்குக் காசு கிடைக்கும். அது வந்த அட்டைப் பெட்டியை மட்டும் முழுசாகப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் நாலாகக் கிழித்துப் போடுங்கள். போலி அடைப்பவர்கள் தேடுவது அந்தப் பெட்டியைத்தான்.